ஆம்ஸ்டர்டாம் முதல் பாப்பா வெஸ்ட்ரே வரை: கிலோமீட்டர் கணக்கும் கடிகாரக் கணக்கும்

திங்கள் – ஆம்ஸ்டர்டாம், லண்டன்

ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரூவுக்கு நேர்க்கோட்டில் 370 கிலோமீட்டர். டிக்கெட்டில் காலை 10.00 புறப்பாடு, 10.25 வருகை என்று போட்டிருக்கிறது. லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால் இருபத்தைந்து நிமிடப் பயணம் போலத் தெரிகிறதே தவிர, உண்மையில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். "அதுலயும் வானத்துல முக்கால் மணி நேரம்தான்க்கா இருப்போம். மீதியெல்லாம் தரையில" என்றான் தம்பி.

தம்பி ஆம்ஸ்டல்வேனில் வேலை பார்க்கிறான். சின்ன வயதிலிருந்தே விமானப் பைத்தியம். இந்தப் பயணமே அவன் போட்ட திட்டம்தான். ஐரோப்பாவின் மிகப் பெரிய விமான நிலையங்களில் ஒன்றில் ஏறி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில், உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போகும் வழக்கமான விமானத்தில் முடிப்பது. ஷெங்கன் விசாவோடு பிரிட்டன் விசாவையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வழியில் அவன் நிமிடங்களைக் குறித்துக்கொள்வான், நான் இரவில் உட்கார்ந்து எழுதிப் போடுவேன் என்று ஒப்பந்தம்.

ஸ்கிப்போலில் ஆறு ஓடுபாதைகள். இந்த நிலமே ஒரு காலத்தில் ஏரி. 1852ல் தண்ணீரை இறைத்து வற்றவைத்தார்கள். இன்றைக்கும் விமான நிலையம் கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழேதான் இருக்கிறது. ஆறு ஓடுபாதைகளில் கடைசியாக வந்தது போல்டர்பான், 2003ல் திறந்தது, 3,800 மீட்டர் நீளம். சுற்றியிருக்கும் ஊர்களுக்கு இரைச்சல் குறைய வேண்டும் என்று அதைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதில் வடக்குப் பக்கமாகத்தான் ஏறலாம், வடக்கிலிருந்துதான் இறங்கலாம். இன்று வடக்கத்திக் காற்று. ஆகவே எங்களுக்கு அதுதான்.

கேட்டை விட்டு விமானம் 10.05க்குப் பின்னால் நகர்ந்தது. அப்புறம் உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. ஒரு பாலத்தின் மேல் ஏறியபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே நெடுஞ்சாலை. லாரிகளும் கார்களும் எங்களுக்கு அடியில் புகுந்து போகின்றன. லண்டனுக்குத் தரை வழியாகவே கூட்டிப்போகிறாரோ என்று தோன்றும் அளவுக்கு ஓட்டினார் பைலட். சக்கரம் தரையை விட்டபோது மணி 10.27. இருபத்திரண்டு நிமிடம் போயாயிற்று, லண்டன் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. போதாததற்கு வடக்கே ஏறி, பிறகுதான் இடப்பக்கம் திரும்பிக் கடலைப் பிடித்தது.

இந்த வகை விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். அப்படியானால் 370 கிலோமீட்டருக்கு அரை மணிகூட ஆகக் கூடாதே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே வழக்கமாக 250 நாட் வேகத்தைத் தாண்ட விடமாட்டார்களாம். மணிக்கு 460 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறும்போதும் அந்தக் கட்டுப்பாடு, இறங்கும்போதும் அதே கட்டுப்பாடு. நடுவில் சமமாகப் பறப்பது சில நிமிடங்கள்தான். பணிப்பெண் காபிக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதே காலிக் கோப்பைகளை வாங்கும் பையோடுதான் வந்தார். சூடாக இருந்த காபியை அவசரமாக விழுங்கினேன்.

எஸ்ஸெக்ஸ் மேல் வந்ததும் விமானம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கியது. ஹீத்ரூவைச் சுற்றி வானத்தில் நான்கு காத்திருப்பு இடங்கள்: போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின் ஹில். கிழக்கிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்களுக்கு லாம்போர்ன். விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றும். அடியில் இருப்பது இறங்கக் கிளம்பினால் மற்றவை ஒரு படி கீழே வரும். ஒரு சுற்று சுமார் நான்கு நிமிடம். ஹீத்ரூவுக்கு இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 விமானப் போக்குவரத்துக்குமேல் கூடாது என்று உச்சவரம்பு வேறு. அதை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கும் இடம். சும்மா இருக்கும் ஓடுபாதை என்று அங்கே கிடையாது. வந்து சேரும் விமானம் ஒன்றிரண்டு எப்போதும் வரிசையில் நின்றால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். சுற்றும் நிமிடங்கள் பயணிகளுடையவை.

இரண்டு சுற்று முடித்து இறங்கி, கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது லண்டன் நேரம் 10.31. அட்டவணைக்கு ஆறு நிமிடம் தாமதம்.

அதன்பிறகுதான் நிஜமான பயணம். ஈஸ்ட் ஹாமில் அத்தை மகள் வீடு. ஹீத்ரூவிலிருந்து நேர்க்கோட்டில் 36 கிலோமீட்டர் இருக்கும். எலிசபெத் லைன் வேகம், ஆனால் கட்டணம் அதிகம். தம்பி கையை இறுக்கிப் பிடித்துப் பழகியவன். பிக்காடிலி லைனில் ஏற்றி, பேரன்ஸ் கோர்ட்டில் இறக்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைனில் மறுபடி ஏற்றினான். ஒன்றரை மணி நேரம். வடகடலைத் தாண்ட ஆனதைவிட லண்டனைத் தாண்ட அதிகம் ஆனது. அத்தை மகள் வாசலிலேயே, "என்னடி இவ்வளவு நேரம், பிளைட் லேட்டா?" என்று கேட்டாள். ஆறு நிமிடம் லேட் என்று சொன்னால் நம்பவா போகிறாள்?


செவ்வாய் – லண்டன், அபர்டீன்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து அபர்டீனுக்கு நேரடி விமானமே இருக்கிறது. 704 கிலோமீட்டர். நாங்கள் லண்டன் வழியாகச் சுற்றியதில் 1,017 கிலோமீட்டர். அத்தை மகளைப் பார்க்காமல் பிரிட்டனுக்குள் கால் வைத்தேன் என்று ஊரில் தெரிந்தால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? அதனால் இந்தச் சுற்றல் அவசியமான சுற்றல்.

ஹீத்ரூவிலிருந்து அபர்டீன் 647 கிலோமீட்டர். அட்டவணை நேரம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். காத்திருப்பு அறையில் தம்பி இரண்டு நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினான். நேற்று 370 கிலோமீட்டருக்கு 85 நிமிடம். இன்று 647 கிலோமீட்டருக்கு 95 நிமிடம். கூடுதலாக 277 கிலோமீட்டர், அதற்கு ஆன விலை பத்தே நிமிடம். எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். உருளுவது, ஏறுவது, இறங்குவது, கேட் தேடுவது என்ற செலவு எந்தப் பயணத்துக்கும் பொது. அதைக் கட்டிவிட்டால் அப்புறம் தூரம் மலிவு. இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரத்தை வேகத்தால் வகுத்து "பறக்கும் நேரம்" சொல்லும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. குறைந்த தூரத்துக்கு அந்த எண்ணை வைத்து யாரையும் விமான நிலையத்துக்கு வரச் சொல்லாதீர்கள்.

விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த கேட்டில் நிற்கும் வரையான நேரம். அதை பிளாக் டைம் என்கிறார்கள். அதில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் காற்றையும் உத்தேசமாகச் சேர்த்தே போடுவார்கள். ஐரோப்பாவில் உயரக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் லண்டனுக்கு வருவதைவிட லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போவது வானத்தில் சில நிமிடம் குறைவு. கேப்டன் ஒலிபெருக்கியில் "பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னால், சேர்த்துப் போட்டது செலவாகவில்லை என்று அர்த்தம். பலர் கைதட்டுகிறார்கள். தட்டட்டும்.

அபர்டீனில் இறங்கியதும் கண்ணில் பட்டது ஹெலிகாப்டர்கள். வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். கடலில் விழுந்தால் தாக்குப்பிடிக்கும் கனமான உடை போட்டு, அலுப்பான முகத்தோடு வரிசையாக நடந்து ஏறுகிறார்கள், வேலைக்குப் போகும் முகம்.

மாலையில் எங்களுக்குக் கிர்க்வால் விமானம். அபர்டீனில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பலகையில் முதலில் நாற்பது நிமிடத் தாமதம், பிறகு இரண்டு மணி நேரம், பிறகு ரத்து. இங்கே வெயில், ஆர்க்னியில் கடல் மூடுபனி. இந்தக் கடற்கரை முழுக்க அதை 'ஹார்' என்கிறார்கள். கோடையில்தான் அதிகம் வருமாம். இதமான காற்று குளிர்ந்த கடல்மேல் வந்ததும் அப்படியே பனியாகித் தீவின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் நஷ்டஈடு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு இதுவும் அத்துப்படி. ஐரோப்பிய ஒன்றிய விதியில் மூன்று அடுக்கு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே என்றால் 3,500 வரை 400, அதற்கு மேல் 600. பிரிட்டன் பிரிந்த பிறகும் அதே விதியைப் பவுண்டில் வைத்துக்கொண்டது; சின்னத் தூரத்துக்கு 220 பவுண்டு. தூரத்தை விமானம் போன வழியில் அளப்பதில்லை. பூமி உருண்டையின் மேல் இரண்டு நிலையங்களுக்கு இடையே மிகக் குறுகிய கோடு எதுவோ அதுதான் கணக்கு. ஒரே டிக்கெட்டில் வேறு ஊர் மாறிப் போனாலும், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே நேர்க்கோடுதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017ல் சொல்லியிருக்கிறது. ஆக, லண்டன் சுற்றி ஒரே டிக்கெட்டில் வந்திருந்தாலும் சட்டத்துக்கு நாங்கள் வந்தது 704 கிலோமீட்டர்தான்.

நேரத்துக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. 2012ல் சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்-பான் போன விமானம் ஒன்று. நஷ்டஈடு கேட்க வேண்டுமானால் மூன்று மணி நேரத் தாமதம் வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். உருண்டு வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். விமானம் 'வந்து சேர்ந்தது' எப்போது? நிறுவனம் தரையைத் தொட்டதைக் காட்டியது. பயணி விடவில்லை. வழக்கு லக்ஸம்பர்க்கில் இருக்கும் அந்த ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2014ல் தீர்ப்பு வந்தது: கதவுகளில் ஒன்றாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்றால்தான் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் போன் பேச முடியாது, வேலை பார்க்க முடியாது, எழுந்து போக முடியாது; அடைபட்டுத்தான் கிடக்கிறீர்கள் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். நேற்று லாம்போர்ன் மேல் சுற்றியபோது இது தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூடுபனிக்கு நஷ்டஈடு கிடையாது. அது யார் கையிலும் இல்லாத காரணம். ஆனால் சாப்பாடும் இரவு தங்க இடமும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வெளியே இரவு பத்து மணி, இன்னும் இருட்டவில்லை.


புதன் – கிர்க்வால்

பனி விலகிவிட்டது. அபர்டீன் – கிர்க்வால் 200 கிலோமீட்டர், வானத்தில் முப்பத்தெட்டு நிமிடம். ஏடிஆர், புரொப்பெல்லர் விமானம். ஜெட் அளவுக்கு வேகம் இல்லை, உச்சத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஜெட் வந்தாலும் ஒன்றும் பெரிதாக மிச்சம் ஆகாது, அது வேகம் பிடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். எரிபொருள்தான் கூடப் போகும்.

கிர்க்வால் விமான நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது, 1940ல், ராணுவத்துக்காகக் கட்டியது. கிரிம்செட்டர் என்று அப்போது பெயர். முகப்பில் அந்தப் பெயரை வைக்கிங்குகளின் ரூனிக் எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தீவுகள் சில நூற்றாண்டுகள் நார்வேக்காரர்களிடம் இருந்தவை. அதை இவர்கள் மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை. விமானமும் இங்கே புதிது இல்லை. பிரிட்டனின் முதல் வழக்கமான உள்நாட்டு விமானத் தபால் சேவை தொடங்கியதே 1934 மே மாதம் இன்வர்னஸ்ஸிலிருந்து கிர்க்வாலுக்குத்தான். கேப்டன் ஃபிரெஸன் என்பவர் நடத்திய சிறு நிறுவனம். லண்டனில் தபாலுக்கு ரயில் போதும். கடலைத் தாண்ட வேண்டியவனுக்குத்தானே விமானம் வேண்டும்.

ஊரில் 1137ல் தொடங்கிய புனித மேக்னஸ் பேராலயம். சிவப்பும் மஞ்சளுமாக மணற்கல். நன்றாகவே இருக்கிறது. ஆனால் தம்பி வாசலில் நின்றுகொண்டு போனில் நாளைய காற்றுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேற்குக் காத்துக்கா" என்றான் கவலையாக.


வியாழன் – வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே

காலையில் மறுபடி கிர்க்வால் விமான நிலையம். தீவுகளுக்குள் போகிறவர்களுக்குச் செக்யூரிட்டி இல்லை, பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம். பெயரைச் சொன்னோம், பையை எடை போட்டார்கள், உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வந்து "வெஸ்ட்ரே?" என்றார். அதுதான் போர்டிங் அறிவிப்பு. ஆறேழு பேர் அவர் பின்னால் தார்த்தரையில் நடந்தோம்.

நின்றது பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். 1965ல் முதன்முதலில் பறந்த வடிவம். இறக்கை மேலே, அதில் இரண்டு எஞ்சின், உள்ளே மடங்காத சக்கரங்கள். எட்டுப் பயணிகள். நடுவில் நடக்க வழி என்று ஒன்று இல்லை. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து நேரே இருக்கைக்குள் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். முழங்காலை முன் இருக்கையில் இடித்து, பக்கத்தில் இருப்பவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்ததும் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோ பிடித்த உணர்வு வந்துவிட்டது. எடைச் சமநிலை பார்த்து யார் எங்கே உட்காருவது என்று அவர்களே சொன்னார்கள். முன்வரிசையில் பைலட்டுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. தம்பி கடைசி வரிசை. அவன் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பைலட் கழுத்தைத் திருப்பி, அவசர வழி எது, உயிர்காக்கும் சட்டை எங்கே என்று சொன்னார். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. எனக்கு முன்னாலும் ஒரு ஓட்டுப்பிடி அசைந்துகொண்டிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். எஞ்சின் முழங்கியதிலிருந்து சக்கரம் எழும்பும் வரை நாலைந்து நிமிடம்கூட இல்லை. போல்டர்பானுக்குப் போய்ச்சேரவே எத்தனை நேரம் ஆனது!

கிர்க்வாலிலிருந்து இந்த இரண்டு தீவுகளும் 44 கிலோமீட்டர் வடக்கே. கால் மணி நேரம். தாழ்வாகப் பறப்பதால் எல்லாம் தெரிகிறது: வேலிக் கற்கள், மாடுகள், ஒரு வீட்டுக் கொடியில் காயும் துணி, தீவுக்கும் தீவுக்கும் நடுவே நீரோட்டம் திரித்துப் போட்ட வெள்ளைக் கோடுகள். வேகமுள் 120 நாட் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீர் கசிந்து, சொட்டாகி, காற்றில் மேல்நோக்கி ஓடியது. பைலட் ஒரு முறை கைக்குட்டையால் துடைத்தார்.

வெஸ்ட்ரேயில் இறங்கி மதியம் வரை நேரம். தீவில் சுமார் 600 பேர். பியரோவால் கிராமத்து அருங்காட்சியகத்தில் 'வெஸ்ட்ரே வைஃப்' பார்த்தோம். 2009ல் கிடைத்த மணற்கல் உருவம். நாலு சென்டிமீட்டர் உயரம்தான். கட்டைவிரல் நுனியில் வைக்கலாம். ஐயாயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ இரண்டு புள்ளியைக் கண்ணாகக் கீறி, மேலே வளைத்துப் புருவம் போட்டிருக்கிறார்கள்.

மதியம் மறுபடி ஓடுபாதை. ஐந்நூறு மீட்டர் சொச்சம், ஜல்லி போட்டுச் சமன்செய்த தரை. ஒரு சின்னக் கட்டடம், ஒரு தீயணைப்பு வண்டி. அதைக் கவனிப்பவர்கள் தீவுக்காரர்கள்தான், மற்ற நேரத்தில் வேறு வேலை பார்ப்பவர்கள். விமானம் வரும் நேரத்துக்கு உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதைக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிடப் பொருத்தமான அளவுகோல் இருந்தது: ஸ்கிப்போலின் போல்டர்பான் 3,800 மீட்டர். இந்த முழுப் பயணத்தையும் அந்த ஓடுபாதையின் மேல் வைத்தால் ஒரு கிலோமீட்டருக்குமேல் மிச்சம் இருக்கும்.

இது சாதனைக்காக ஓட்டும் விமானம் இல்லை. 1967லிருந்து லோகன்ஏர் நடத்தும் சேவை, தீவு நிர்வாகத்தின் மானியத்தில் ஓடுகிறது. கிர்க்வாலிலிருந்து கிளம்பும் வண்டி இரண்டு தீவையும் தொட்டுவிட்டுத் திரும்பும்; நடுவில் வரும் ஒரு நிறுத்தம்தான் இந்த இரண்டு நிமிடம். கின்னஸ் பிறகு வந்து எழுதிக்கொண்டது. மிகக் குறைந்த நேரம் 53 வினாடி. அதற்குக் காற்று ஒத்துழைக்க வேண்டும். பாப்பா வெஸ்ட்ரே இருப்பது கிழக்கே. கிழக்குக் காற்று அடித்தால் எழும்பிய மூக்கோடு நேரே போய் இறங்கிவிடலாம். இன்று மேற்குக் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், அதாவது போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, வளைந்து வந்து, தாண்டிப் போய், மறுபடி வளைந்து இறங்க வேண்டும். தம்பியின் நேற்றைய கவலை இதுதான்.

இந்த முறை முன் இருக்கை அவனுக்கு. சக்கரம் எழும்பியதும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினான். இடப்பக்கம் கடல் சாய்ந்தது. பாப்பா சவுண்ட் என்ற அந்த நீரிணை, அடியில் வெள்ளை மணல் இருப்பதால் பச்சையாகத் தெரிந்தது. ஒரு படகு. நான் படத்தை எடுக்கலாமா கண்ணால் பார்க்கலாமா என்று முடிவு செய்வதற்குள் புல்வெளி ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஜல்லி சக்கரத்தில் பட்டுச் சடசடத்தது. 1 நிமிடம் 52 வினாடி.

"53 வினாடி கிடைக்கலையே" என்றான் இறங்கியதும்.

"டேய், அதே காசுக்கு ரெண்டு மடங்கு பறந்திருக்கோம்" என்றேன். பின்னால் இறங்கிய அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார். மொழி புரியாவிட்டாலும், இங்கே இறங்குகிற வெளியூர்க்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.


வெள்ளி – பாப்பா வெஸ்ட்ரே, கிர்க்வால்

ஊர்க்காரர்கள் பாப்பே என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆறரை கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றரை. தொண்ணூறு பேர் அளவில் இருக்கிறார்கள். ஊரே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடை, அதோடு ஒட்டி விடுதி. இரவு அங்கேதான் தங்கினோம்.

காலையில் மேற்குக் கரைக்கு நடந்து நாப் ஆஃப் ஹோவர் போனோம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், விமானத்தைக்கூட இல்லை. கி.மு. 3700 வாக்கில் குடியிருந்த கல் வீடுகள் இரண்டு, வட ஐரோப்பாவில் இன்னும் நிற்கும் வீடுகளில் மிகப் பழையவை. இரண்டுக்கும் நடுவே தாழ்வான இடைவழி. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சுவரில் கல் பலகை வைத்து அலமாரி மாதிரி தட்டுகள், தரையில் தானியம் அரைத்த குழிக்கல். கை வைத்தேன், வழவழவென்று இருந்தது. அவர்கள் காலத்தில் கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. இப்போது சுவரை ஒட்டி அலை வந்துபோகிறது. டிக்கெட் கவுன்டர் கிடையாது, காவலாளி கிடையாது. மாட்டு வேலியைத் தாண்டி நீங்களே போக வேண்டியதுதான்.

வடக்கு முனையில் பறவைகள் சரணாலயம். ஆர்க்டிக் ஆலாக்கள் தரையிலேயே முட்டையிடுவதால் யார் நடந்தாலும் தலையைக் குறிவைத்துப் பாய்கின்றன. எப்போதும் உயரமான இடத்தைத்தான் கொத்துமாம். தம்பி என்னைவிட உயரம், அதனால் பிரச்சினை எனக்கு இல்லை. வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்துருவம் வரை போய்த் திரும்பும் பறவை அது. அதே பகுதியில் ஃபவுல் கிரெய்க் பாறையில், பறக்கவே தெரியாத கிரேட் ஆக் பறவைக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ஆர்க்னியில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றை 1813ல் ஒரு சேகரிப்பாளருக்காக இங்கே கொன்றார்கள். முப்பது ஆண்டில் உலகத்திலேயே அந்த இனம் முடிந்துபோனது.

கடையில் பேச்சுக் கொடுத்தபோதுதான் இந்த இரண்டு நிமிட விமானம் யாருக்கு என்று புரிந்தது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெஸ்ட்ரே போவது விமானத்தில் இல்லை, படகில். கிட்டத்தட்ட அரை மணி நேரம். தீவு தீவாகப் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மருத்துவர், கால்நடை மருத்துவர், வங்கி வேலையாக வருகிறவர்கள் எல்லாம் ஐலண்டரில். கிர்க்வாலிலிருந்து கார் ஏற்றும் பெரிய கப்பல் வாரத்தில் சில நாள்தான் வரும். இங்கே யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிக் கேட்கவில்லை. "காத்தாலப் பிளைட்ல போய்ப் பல் டாக்டரைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்கிற அளவில்தான் பேச்சு.

மாலை விமானத்தில் கிர்க்வால் திரும்பினோம். நேரடி, 44 கிலோமீட்டர், பதினாறு நிமிடம். இரண்டு தீவுக்கும் நடுவே பறந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். தம்பி அதை மடங்காமல் வைக்க அட்டை தேடிக்கொண்டிருக்கிறான்.

போக நினைப்பவர்களுக்கு: திங்கள் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் இரண்டு தீவுக்கும் நடுவே ஒரு திசையில் மட்டும்தான் ஓடும், சனிக்கிழமை வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பே, ஞாயிறு அதற்கு எதிர்த்திசை. இருப்பது எட்டு இடம், அதில் ஊர்க்காரர்களும் போக வேண்டும். கோடைக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பை சின்னதாக இருக்கட்டும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறவர்கள் நேரே அபர்டீன் பிடியுங்கள், லண்டனில் அத்தை மகள் இல்லாத பட்சத்தில். திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முந்தின ஒரு நாளை முழுசாகக் காலியாக விட்டுவிடுங்கள். ஹார் வந்தால் அந்த நாள்தான் கைகொடுக்கும். எங்களுக்கு நாளை காலை அபர்டீன் விமானம். வானம் இப்போதைக்குத் தெளிவாக இருக்கிறது, தம்பி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துச் சொல்கிறான்.